மீன் தொட்டியும் நீரின் வெப்பமும்

 

நம் பள்ளியின் அறிவியல் மூலையில் உள்ள மீன் தொட்டியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் தொட்டியை வாங்கித் தந்தனர். மாணவர்கள் சிற்றுண்டிக் காசில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு பட்டணத்திலிருந்து பத்து நியோன் டெட்ரா மீன்கள் வாங்கப்பட்டன. ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலர் செம்பனைக் காட்டுக் கால்வாயில் பிடித்த இரண்டு செப்பாட் மீன்களையும் கொண்டுவந்து விட்டனர்.

சில வாரங்களுக்குப் பின், ஒரு திங்கட்கிழமை காலையில் வகுப்பறையைத் திறந்தபோது, நியோன் மீன்களுள் ஏழு இறந்து மிதந்தன. செப்பாட் மீன்கள் இரண்டும் நலமாக நீந்திக்கொண்டிருந்தன. நாள்தோறும் தவறாமல் தீனி இட்டு வந்த மாணவன் ஒருவன் கண் கலங்கி, “ஐயா, நாங்கள் என்ன தவறு செய்தோம்?” என்று கேட்டான். அவ்வினாவிற்கு அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. விடையைத் தேடிக் கண்டபோது, தவறு மாணவருடையது அன்று, என்னுடையதே என்பது தெளிவாயிற்று. அத்தேடலில் நான் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீனின் உடலும் நீரின் வெப்பமும்

மனிதனுடைய உடல் வெப்பநிலை வெயிலிலும் மழையிலும் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். வெயில் மிகுந்தால் வியர்க்கிறோம். குளிர் மிகுந்தால் நடுங்குகிறோம். இவை நம் உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் வழிகள். மீனுக்கு இவ்வசதி இல்லை. தொட்டியில் வளரும் மீன்களின் உடல், சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே தன் வெப்பமாகக் கொள்ளும். நீர் 26 பாகையானால் மீனும் 26 பாகை. நீர் 34 பாகையானால் மீனும் 34 பாகை.

ஆற்றில் வாழும் மீன் வெப்பம் தாங்காவிட்டால் மர நிழலுக்கோ ஆழமான மடுவுக்கோ சென்றுவிடும். கண்ணாடித் தொட்டியில் உள்ள மீன் எங்கே செல்லும்? அதற்கு நிழலும் மடுவும் நாமே.

வெப்பம் உயிர்களின் செயலை மாற்றும் என்பது நம் பெற்றோருக்குப் புதிய செய்தி அன்று. பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் விடியுமுன்னரே மரம் சீவச் சென்றதன் காரணம் என்ன? குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளிவிட, அழுத்தம் குறைந்து பாலும் குறையும். மரத்திற்கு உள்ளது போலவே மீனுக்கும் ஒரு வெப்ப நியதி உண்டு.

எந்த மீனுக்கு எவ்வளவு வெப்பம்?

எல்லா மீனும் ஒரே வெப்பத்தை விரும்புவதில்லை. ஒவ்வொன்றும் தன் முன்னோர் வாழ்ந்த நீர்நிலைக்கு ஏற்ற உடலைப் பெற்றுள்ளது. பொதுவாக வளர்க்கப்படும் மீன்களுக்கு உகந்த வெப்பநிலை, பாகை செல்சியஸ் அளவில், பின்வருமாறு:

தங்க மீன் – 18 முதல் 24 வரை
நியோன் டெட்ரா – 21 முதல் 25 வரை
கப்பி – 22 முதல் 28 வரை
தேவதை மீன் – 24 முதல் 28 வரை
சண்டை மீன் – 24 முதல் 28 வரை
டிஸ்கஸ் – 28 முதல் 30 வரை

தங்க மீனின் தாயகம் சீனா. அங்குக் குளிர்காலம் உண்டு. ஆகவே அது குளிர்ந்த நீரை நன்கு தாங்கும். நியோன் டெட்ரா தென்னமெரிக்காவின் அமேசான் காட்டு ஓடைகளில் வாழ்வது. அமேசான் வெப்ப மண்டலம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அடர்ந்த மரங்களின் நிழலில் ஓடும் சிற்றோடையின் நீர், திறந்தவெளிக் குளத்தின் நீரைப் போலச் சூடேறுவதில்லை. டிஸ்கஸ் மீனும் அதே அமேசான் பகுதியைச் சேர்ந்தது. எனினும் அது வெப்பமான நீரை நாடுவது. எனவே ஊரின் பெயரை மட்டும் கேட்டு மீனின் இயல்பை அறிய முடியாது. தங்க மீனையும் டிஸ்கஸையும் ஒரே தொட்டியில் விடுவது தகாது என்பது மேற்கண்ட பட்டியலிலிருந்தே விளங்கும்.

சூடான நீரில் பிராணவாயு குறைவு

வெப்பம் மிகுந்தால் மீன் ஏன் துன்புறுகிறது? இதற்கு முதற் காரணம் பிராணவாயு. மீன் தன் செவுள்களின் வழியாக நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைப் பெறுகிறது. நீர் எவ்வளவுக்குச் சூடாகிறதோ அவ்வளவுக்கு அதிற் கரையும் பிராணவாயு குறையும். காற்றுடன் நன்கு கலந்த 1 லிட்டர் நன்னீரில் 20 பாகையில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 25 பாகையில் அது 8.3 ஆகவும், 30 பாகையில் 7.6 ஆகவும், 35 பாகையில் 6.9 ஆகவும் குறைகிறது. நாம் சுவாசிக்கும் 1 லிட்டர் காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உள்ளது. மீன் எவ்வளவு சிறிய பங்கைக் கொண்டு வாழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வரவு குறையும்போது செலவாவது குறைகிறதா? அதுவும் இல்லை. நீர் 10 பாகை சூடேறினால் மீனின் உடலில் நிகழும் செயல்கள் ஏறத்தாழ இரு மடங்கு விரைவுபெறும். அதற்கு வேண்டிய பிராணவாயுவும் அவ்வாறே பெருகும். ஆக, வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. இத்தகைய குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், செவுள்கள் விரைவாக அசைவதும் இத்துன்பத்தின் அடையாளங்கள். பசியால் வாயைத் திறக்கின்றன என்று கருதி மேலும் தீனி இடுவோர் உண்டு. அது பெருந்தவறு.

இரண்டாவது காரணம் கழிவு. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. சூடான நீரில் மிச்சத் தீனி விரைவில் அழுகும். அம்மோனியாவின் நச்சு வடிவமும் வெப்பம் கூடும்போது மிகுதியாகும். இந்த அம்மோனியாவை மாற்றித் தீங்கைக் குறைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வாழ்கின்றன. வடிகட்டியை நிறுத்தினால் அவற்றுக்கும் பிராணவாயு கிட்டாமற் போகும்.

செப்பாட் மீன் பிழைத்தது எவ்வாறு?

செப்பாட், சண்டை மீன், நம் நாட்டில் புயு என்றும் தமிழில் பனையேறிக் கெண்டை என்றும் வழங்கும் மீன் ஆகியவற்றுக்குச் செவுள்களுக்கு மேலே ஒரு தனி உறுப்பு உண்டு. அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை வாயால் விழுங்கி, அவ்வுறுப்பின் துணையால் பிராணவாயுவைப் பெறும். கோடையில் வயற்காட்டு நீரும் கால்வாய் நீரும் வற்றிச் சூடேறினாலும் அவை வாழ்வது இதனாலேயே. நியோன் மீனுக்கு அவ்வுறுப்பு இல்லை.

எங்கள் தொட்டியில் நிகழ்ந்தது

அந்தத் திங்கட்கிழமை காலை 7.30 மணிக்கு ஒரு வெப்பமானியை நீரில் வைத்தேன். 27 பாகை காட்டியது. வெப்பம் காரணம் அன்று என்று முதலில் கருதினேன். நீரின் தூய்மையை ஐயுற்றேன், தீனியை ஐயுற்றேன். ஆயினும், காலையில் மட்டும் அளந்துவிட்டு முடிவு கூறுவது முறையன்று என்று தோன்றவே, மாணவர்களைக் கொண்டு நாள் முழுவதும் அளக்கச் செய்தேன். காலை 10 மணிக்கு 28. பகல் 1 மணிக்கு 30. மாலை 4 மணிக்கு 34! மீந்திருந்த மூன்று நியோன் மீன்களையும் அப்போதே நிழலில் இருந்த வேறொரு பாத்திரத்துக்கு மெல்ல மாற்றினோம்.

தொட்டியை மேற்குச் சன்னல் ஓரத்தில் வைக்கச் சொன்னவன் நான். வெளிச்சம் பட்டால் மீன்கள் அழகாகத் தோன்றும் என்பது என் எண்ணம். சனி, ஞாயிறு இரு நாள்களிலும் சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. மேலே துத்தநாகக் கூரை. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் மின்விசையை அடைத்துவிடும்படி சொன்னவனும் நானே. அதனால் காற்றுக் குழாயும் வடிகட்டியும் நின்றன. மாலை வெயில் கண்ணாடியைச் சுட, உள்ளே பிராணவாயு குறைந்துகொண்டே வந்தது. மறுநாட்காலையில் இவற்றை மாணவர்களிடம் ஒளிக்காமல் எடுத்துரைத்தேன். ஆசிரியர் தம் பிழையை மறைத்தால், தீனி இட்ட பிள்ளை அப்பழியைத் தன் மனத்திலேயே சுமந்துகொண்டு திரியும் அன்றோ?

சிறிய பாத்திரமும் பெரிய தொட்டியும்

நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும் இயல்புடையது. ஆயினும் நீர் குறைவாக இருந்தால் இந்த நன்மையும் குறையும். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியில் 1 லிட்டர் நீர் கொள்ளும். அதன் ஆறு முகங்களின் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். பக்கம் 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் 64 லிட்டர் நீர் கொள்ளும். அதன் பரப்பு 9,600 சதுர சென்டிமீட்டர். லிட்டருக்கு 150 மட்டுமே. வெப்பம் புகும் வாயிலும் வெளியேறும் வாயிலும் இப்பரப்பே. எனவே சிறிய பெட்டியில் ஒவ்வொரு லிட்டருக்கும் நான்கு மடங்கு பெரிய வாயில் திறந்திருக்கிறது. பிள்ளைகள் ஜாம் போத்தலில் வளர்க்கும் மீன், பகலில் வெந்து இரவில் நடுங்குவது இதனாலேதான். சண்டை மீனுக்கும் சில லிட்டர் நீராவது வேண்டும். போத்தல் அதற்கு வீடாகாது.

வெப்பத்தைத் தணிக்கும் வழிகள்

நம் நாட்டுச் சமவெளிகளில் பெரும்பாலும் நீரைச் சூடாக்க வேண்டியதில்லை, தணிப்பதே வேலை. 1998ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயிலின் கொடுமையால் பள்ளிகளே மூடப்பட்டன. மனிதருக்கே அந்நிலை என்றால் தொட்டி மீனுக்குச் சொல்லவேண்டுமா?

முதலாவதாக, இடம். தொட்டியை நேர் வெயில் படாத உட்சுவர் ஓரத்தில் வையுங்கள். அடுப்பங்கரையும் வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் மேற்புறமும் ஆகா.

இரண்டாவதாக, காற்று. நம் பாட்டிமார் மண்பானையில் நீர் ஊற்றி வைத்தது ஏன்? பானையின் நுண் துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். உள்ளிருக்கும் நீர் குளிரும். 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 1 கிராம் நீரை 1 பாகை மாற்ற 4.2 ஜூல் போதும். ஆகவே ஆவியாகும் 1 கிராம் நீர், ஏறத்தாழ 570 கிராம் நீரை 1 பாகை குளிரச் செய்ய வல்லது. 50 லிட்டர் தொட்டியை 1 பாகை குளிர்விக்க, ஒரு சிறு தேநீர்க் குவளை அளவான 90 மில்லிலிட்டர் ஆவியானால் போதும். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி வலை போட்டு, மேற்பரப்பின் மீது சிறு விசிறியின் காற்றுப் படும்படி செய்யலாம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் இரண்டு மூன்று பாகைதான் குறையும். எனினும் உயிரைக் காக்க அதுவே போதுமானதாகலாம். குறைந்த நீரை அவ்வப்போது நிரப்புக.

மூன்றாவதாக, நீரின் அசைவு. காற்றுக் குழாயை இரவும் பகலும் நிறுத்தாதீர்கள். குமிழிகள் மேற்பரப்பைக் கலக்குவதால் வெளிக்காற்றின் பிராணவாயு நீரிற் கரையும்.

நான்காவதாக, தீனி. வெப்பமான நாள்களில் தீனியைக் குறைத்திடுக. இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும்.

பனிக்கட்டியை நேராக நீரிற் போடாதீர்கள். அவசரமானால், உறைந்த நீர் அடைத்த போத்தலை நன்கு மூடி மிதக்கவிட்டு, மணிக்கு 1 பாகைக்கு மேல் குறையாதபடி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திடீர் மாற்றம் வெப்பத்தினும் கொடியது. திடீரெனக் குளிர்ந்த மீனை வெண்புள்ளி நோய் எளிதிற் பற்றும். உடலெங்கும் உப்புத்தூள் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றுவதே அந்நோயின் அறிகுறி.

நீர் மாற்றும் முறை

தோட்டத்துக் குடியிருப்புகளில் நீர்க்குழாய் பல இடங்களில் மண்ணின் மேலேயே வெயிலிற் கிடக்கும். பிற்பகலில் குழாயைத் திறந்தால் முதலில் வரும் நீர் கையைச் சுடும். அந்நீரை அப்படியே தொட்டியில் ஊற்றலாகாது. குழாய் நீரில் குளோரினும் கலந்திருக்கும். அதனை வாயகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் வீட்டினுள் வைத்தால் குளோரின் நீங்கும், வெப்பமும் சமனாகும். குளோரமின் கலந்த நீரானால் வைத்திருப்பதால் மட்டும் அது நீங்காது. மீன் கடையில் விற்கும் நீர் மருந்தைச் சேர்க்க வேண்டும். பெற்றோர்களே, வாளியை மெல்லிய துணியால் கட்டி மூடுங்கள். பல நாள் திறந்து போடாதீர்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடும்.

முழு நீரையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கை மாற்றுக. 40 லிட்டர் தொட்டியில் 10 லிட்டரை எடுத்துவிட்டால் 30 லிட்டர் எஞ்சும். அதன் வெப்பம் 29 பாகை. புதுநீரின் வெப்பம் 25 பாகை எனக் கொள்வோம். 30 × 29 = 870; 10 × 25 = 250; கூட்டினால் 1,120. அதை 40ஆல் வகுக்க, 28 கிடைக்கும். ஒரு பாகைதான் மாறியது, மீனுக்குத் தீங்கில்லை. முழுதும் மாற்றியிருந்தால் நான்கு பாகை ஒரேயடியாக மாறியிருக்கும்.

கடையிலிருந்து கொண்டுவந்த மீனையும் உடனே கொட்டிவிடாமல், பையோடு தொட்டியில் 15 அல்லது 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையிற் சேர்த்து, அதன் பின்னரே வெளியில் விடுக.

சூடேற்றி வேண்டுமிடம்

கேமரன் மலை போன்ற உயர்ந்த இடங்களில் இரவுக் குளிர் மிகுதி. குளிரூட்டப்பட்ட அறைகளிலும் நீர் தணியும். அங்கு வெப்ப நாட்டு மீன்களை வளர்ப்போர் தானாக நின்று இயங்கும் மின்சூடேற்றியைப் பயன்படுத்துவர். லிட்டருக்கு 1 வாட் என்பது பொதுவான அளவு. தொட்டிக்குள் கை விடுமுன் மின்விசையை அடைத்துவிட வேண்டும். சூடேற்றி நீரைவிட்டு வெளியே இருக்கும்போது இயக்கக்கூடாது. பெரியவர் துணையின்றி மாணவர்கள் அதைத் தொடலாகாது.

கையை நம்பாதே, கருவியை நம்பு

மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர், மற்றொன்றில் இளஞ்சூடான நீர், நடுக்கிண்ணத்தில் சாதாரண நீர் ஊற்றுங்கள். இடக்கையைக் குளிர்ந்த நீரிலும் வலக்கையை இளஞ்சூட்டு நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, பின் இரண்டையும் நடுக்கிண்ணத்தில் வையுங்கள். ஒரே நீர் இடக்கைக்குச் சூடாகவும் வலக்கைக்குக் குளிர்ச்சியாகவும் தோன்றும்! ஆகவே கை வெப்பமானியாகாது. சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் ஆண்டர்சு செல்சியசு 1742ஆம் ஆண்டில் நூறு பாகை கொண்ட அளவுகோலை வகுத்தார். அவர் முதலில் நீர் கொதிக்கும் நிலையை 0 என்றும் பனி உருகும் நிலையை 100 என்றும் குறித்தார். பின்னர் அது தலைகீழாக மாற்றப்பட்டது. பாதரசம் இல்லாத, சிவப்புத் திரவ வெப்பமானியே மாணவர்க்கு ஏற்றது, விலையும் குறைவு.

முடிவுரை

இப்பொழுது நம் தொட்டி உட்சுவர் ஓரத்தில் இருக்கிறது. காற்றுக் குழாய் விடுமுறையிலும் ஓடுகிறது. மாலை 4 மணிக்கும் வெப்பம் 29 பாகையை மீறுவதில்லை. நியோன் மீனுக்கு அதுவும் மிகுதியே. ஆதலால் எஞ்சிய மூன்றையும் குளிர்ந்த அறையில் தொட்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். புதிதாக நியோன் மீன் வாங்கவில்லை. நம் தட்பவெப்பத்தைத் தாங்கும் மீன்களையே வளர்க்கிறோம். அன்று கண் கலங்கிய மாணவனே இன்று வெப்பப் பதிவேட்டின் பொறுப்பாளன். காலையும் மாலையும் அவன் எழுதும் எண்கள் ஒரு நாளும் விடுபட்டதில்லை.

ஓர் உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்தவர், ஆறு அதற்குச் செய்துவந்த கடமைகளைத் தாம் ஏற்றுக்கொண்டவர் ஆவார். அன்பு மட்டும் இருந்தால் அக்கடமை நிறைவேறாது. அளந்து அறியும் பழக்கமும் வேண்டும். இதனை மாணவர்கள் மறவாதிருப்பார்களாக!

பயிற்சி வினாக்கள்

1. சூடான நீரில் மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறப்பது ஏன்?
2. 36 லிட்டர் நீர் 30 பாகையில் உள்ளது. அதனுடன் 26 பாகையில் உள்ள 12 லிட்டர் நீரைச் சேர்த்தால் வெப்பநிலை என்னவாகும்?
3. பக்கம் 20 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியில் எத்தனை லிட்டர் நீர் கொள்ளும்? லிட்டருக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் பரப்பு?
4. காலையில் மட்டும் வெப்பத்தை அளந்தால் என்ன பிழை நேரும்?
5. உங்கள் வீட்டு வாளி நீரின் வெப்பத்தை ஒரு வாரம் காலை, பகல், மாலை என அளந்து அட்டவணை ஒன்று தயாரித்து வகுப்பாசிரியரிடம் காட்டுக.

– தலைமையாசிரியர்